கணக்கைத் திறந்து காட்டும் புத்தகங்கள்

(மாவட்ட மைய நூலகத்தில், நூலக வார விழாவையொட்டி வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)



தொழில், தலைமை, புதுமை, குடும்பப் பணம் இவற்றைப் பற்றி இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நூல்களில் எதைப் படிக்கலாம், நூலகத்துக்கு எதை வாங்கலாம் என்று சொல்லும்படி நூலகர் கேட்டுக்கொண்டார். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதாலும், இந்த வகை நூல்களை விடாமல் படிக்கிறவன் என்பதாலும் ஒப்புக்கொண்டேன்.

இந்தத் துறையில் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ரயில் நிலையத்துக் கடை, நடைபாதைக் கடை எங்கே பார்த்தாலும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்திரு, பெரிதாகக் கனவு காண், தோல்வியைக் கண்டு துவளாதே என்று ஒரே அறிவுரை அட்டை மாறி அட்டை மாறி வருகிறது. இவற்றை நான் இங்கே பரிந்துரைக்கப் போவதில்லை. ஒரு நூலைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றுதான். இவர் நேரில் போய்ப் பார்த்தாரா, பார்த்ததைக் கணக்கோடு வைக்கிறாரா? ஜெயித்தவனைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்துவிட்டு, அவன் செய்ததையெல்லாம் விதியாக எழுதிவைத்தால் அதில் பாதிக் கணக்குதான் இருக்கும். அதையே செய்து கடையைப் பூட்டிவிட்டுப் போனவன் அந்தப் புத்தகத்தில் எங்குமே வருவதில்லை.

இதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. ஜிம் காலின்ஸ் 2001-இல் எழுதிய ‘குட் டு கிரேட்’ நூலைப் படிக்காத மேலாளர் இல்லை என்னும் அளவுக்கு அது ஓடியது. சாதாரணமாக இருந்து மகத்தானவையாக உயர்ந்த நிறுவனங்கள் என்று பதினொன்றை எடுத்து, அவற்றுக்குப் பொதுவாக இருந்த குணங்களைச் சொன்னது. அந்தப் பதினொன்றில், மின்னணுப் பொருள் கடைகளை நடத்திய சர்க்யூட் சிட்டி 2008-இல் திவாலானது. வீட்டுக் கடன் துறையின் ஃபேனி மே நிறுவனத்தை அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் பிடிக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. காலின்ஸ் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் எழுதிய ‘தி ஹேலோ எஃபெக்ட்’ என்ற நூலைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். லாபம் வரும்போது முதலாளியை உறுதியானவர் என்கிறோம், நஷ்டம் வந்ததும் அதே மனிதரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். முடிவைப் பார்த்துவிட்டுத்தான் குணத்தை எழுதுகிறோம் என்று அவர் காட்டுகிறார். இந்த ஒரு தெளிவு வந்துவிட்டால் கடையில் இருக்கும் புத்தகங்களில் பாதியை நீங்களே ஒதுக்கிவிடுவீர்கள்.

இனி நான் முதலிடம் தரும் நூல். 2013-இல் வந்த ‘ஸ்கேர்சிட்டி’. எழுதியவர்கள் பொருளாதாரப் பேராசிரியர் செந்தில் முல்லைநாதனும் உளவியல் பேராசிரியர் எல்டார் ஷஃபீரும். முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்தவர். நூலிலும் நம் ஊர் வருகிறது, அதுவும் கோயம்பேடு சந்தை வருகிறது.

அங்கே கூடை வைத்துக் காய்கறி விற்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியும் முன்னே ஆயிரம் ரூபாய் கடன் வாங்குகிறார். சரக்கு எடுத்து, நாளெல்லாம் விற்று, சாயங்காலம் ஆயிரத்து ஐம்பதாகத் திருப்பிக் கொடுக்கிறார். நாளொன்றுக்கு 5 சதவீத வட்டி. மறுநாள் காலை மறுபடி அதே ஆயிரம். வருஷக் கணக்கில் இப்படியே ஓடுகிறது. இங்கே இருப்பவர்களில் பலருக்குத் தண்டல் வட்டி புதிதல்ல, கணக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு கணக்கை நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

அந்தப் பெண் இன்றைக்கு ஐந்து ரூபாயை எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவருக்கு ஆயிரம் வேண்டாம், 995 வாங்கினால் போதும். வட்டி ஐம்பதுக்குப் பதில் 49 ரூபாய் 75 காசு. மிச்சமான அந்த 25 காசையும் நாளைய ஐந்து ரூபாயையும் முன்னதோடு சேர்த்தால் மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் குறைவாக வாங்கலாம். ஆரம்பத்தில் நத்தை வேகம்தான். இருபதாம் நாளில் சேர்ந்திருப்பது 165 ரூபாய். நாற்பதாம் நாளில் 604. ஐம்பதாம் நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. தினம் ஐம்பது ரூபாய் வட்டி அவர் முந்தானையிலேயே தங்கிவிடும். அவரை இத்தனை காலமும் கசக்கிய அதே 5 சதவீதம், கடனைக் குறைக்க ஆரம்பித்ததும் அவர் பக்கம் நின்று வேலை செய்கிறது.

பிறகு ஏன் ஒருவரும் இப்படிச் செய்வதில்லை? படிப்பில்லை, சிக்கனமில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லாமல் காரியத்தில் இறங்கினார்கள். சிலருடைய கடனை மொத்தமாக அடைத்துவிட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடன் அடைந்தவர்கள் கொஞ்ச காலம் கடனில்லாமல் தொழில் செய்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தண்டல்காரரிடமே திரும்பினார்கள். பெரிய ஊதாரித்தனம் எதுவும் காரணமில்லை. உறவில் ஒரு விசேஷம் வரும், மொய் எழுத வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். மழை பெய்து அன்றைய சரக்கு அழுகும். நமக்கு இவையெல்லாம் அந்த மாதச் செலவில் ஒரு வரி. அவருக்கு அது நேராக வியாபார முதலிலேயே கைவைக்கிற செலவு. கையிருப்பு என்ற மெத்தை இல்லாதவருக்குச் சின்ன அடியும் எலும்பில் படும்.

அதே நூலில் வரும் இன்னொரு ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்தது. கரும்பு விவசாயிக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகு. வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்குப் போகும், கைமாற்று ஏறும். ஆய்வாளர்கள் 464 விவசாயிகளிடம் வெட்டுக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகளை நடத்தினார்கள். ஆலையின் அரவைத் திறனுக்கு ஏற்பத்தான் வெட்டு உத்தரவு வரும் என்பதால் ஒரே பகுதியில் ஒருவருக்கு முன்னால் வெட்டு, ஒருவருக்குப் பின்னால். ஆகவே மழை வெயில் மாறியதால் வந்த வித்தியாசம் என்று தள்ளிவிட முடியாது. பணம் வந்த பிறகு அதே மனிதர் முன்பைவிட ஏறத்தாழ கால் பங்கு கூடுதலான விடைகளைச் சரியாகச் சொன்னார். படிப்பும் அனுபவமும் மாறவில்லை, கடன் கவலை மட்டும் தலையிலிருந்து இறங்கியிருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, வங்கிக்கு வந்து படிவத்தைத் தப்புத் தப்பாக நிரப்பிக் கொண்டு நிற்கும் மனிதரை நான் பார்க்கும் பார்வை மாறிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்த நூலில் வரும் ஆய்வகச் சோதனைகளில் சிலவற்றைப் பின்னாளில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. டேனியல் கானமன் எழுதிய புகழ்பெற்ற ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ நூலிலும் ஒரு அத்தியாயத்துக்கு இதே கதி நேர்ந்தது. பலவீனமான ஆய்வுகளை அளவுக்கு மேல் நம்பிவிட்டதாக 2017-இல் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நோபல் பரிசு பெற்றவர் அப்படி எழுதியது அவர்மேல் என் மதிப்பைக் கூட்டியது. நூலில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் விழுங்க வேண்டாம். சந்தையிலும் வயலிலும் நடந்ததை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

‘ஸ்கேர்சிட்டி’யோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டின் ‘தி புவர் அண்ட் தேர் மணி’ என்ற சிறு நூலும், அவரும் மூன்று பேரும் சேர்ந்து 2009-இல் எழுதிய ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ நூலும். விஜயவாடா குடிசைப் பகுதியில் வீடு வீடாகப் போய்ச் சேமிப்பு வாங்கும் ஒரு பெண்மணியை ரதர்ஃபோர்ட் காட்டுகிறார். அட்டையில் 220 கட்டம். தினம் ஐந்து ரூபாய், ஒரு கட்டத்தில் ஒரு குறி. கட்டமெல்லாம் நிறையும்போது 1,100 ரூபாய் சேர்ந்திருக்கும், அவர் ஆயிரத்தைத் திருப்பித் தருவார். நூறு ரூபாய் அவருடைய கூலி. சேமிப்பதற்கு வட்டி வாங்காமல் வட்டி கொடுக்கிறார்களே என்று பொருளாதாரம் படித்தவர் திகைப்பார். அந்தத் தெருப் பெண்களுக்குத் திகைப்பில்லை. வாசலுக்கு ஒருவர் தினமும் வந்து நின்று கேட்டால்தான் அந்த ஐந்து ரூபாய் தங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் செலவுக்கு மொத்தமாக ஆயிரம் கையில் கிடைக்கிறதே, அதற்குத்தான் அந்த நூறு. நம் ஊர்ச் சீட்டும் நகைக்கடைச் சேமிப்புத் திட்டமும் ஏன் ஓடுகின்றன என்பது இதைப் படித்தால் விளங்கும்.

அடுத்து நம் வீட்டுப் பணம். இதில் இந்தியக் குடும்பத்துக்கென்று எழுதப்பட்டதாக நான் கைகாட்டுவது மோனிகா ஹாலன் 2018-இல் எழுதிய ‘லெட்ஸ் டாக் மணி’. வரவுக்கு ஒரு கணக்கு, செலவுக்கு ஒரு கணக்கு, முதலீட்டுக்கு ஒரு கணக்கு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி ஆரம்பிக்கிறார். நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் செய்ததுதான். ஆனால் அந்த நூலின் உயிர் காப்பீடு பற்றிய பகுதி. காப்பீட்டையும் முதலீட்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கும் பாலிசிகளை அவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்.

வங்கி கவுன்ட்டரில் நான் பார்த்ததும் இதுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பாலிசிப் பத்திரத்தோடு வந்தார். வருஷம் ஐம்பதாயிரம் கட்டு, இருபது வருஷத்தில் 17 லட்சத்து 36 ஆயிரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். போடுவது 10 லட்சம், கிடைப்பது 17 லட்சத்துக்கு மேல் என்றால் காதுக்கு இனிக்கத்தான் செய்யும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 5 சதவீதம். அவருடைய சேமநிதி வட்டி அதைவிட நல்ல தூரம் மேலே. இடையில் நிறுத்தினால் போட்டதிலேயே துண்டு விழும். இந்த ஒரு கணக்கை விற்கும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அவர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். குடும்பத் தலைவர் போய்விட்டால் வீட்டைத் தாங்க டேர்ம் இன்ஷூரன்ஸ், சேமிப்புக்கு வேறு வழி, இரண்டையும் கலக்காதே என்பதை ஹாலன் சொல்லும் தெளிவில் வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மார்கன் ஹவுசல் 2020-இல் எழுதிய ‘தி சைக்காலஜி ஆஃப் மணி’ தமிழிலும் வந்துவிட்டது, பலர் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பெட்ரோல் பங்கிலும் பிறகு துப்புரவு வேலையிலும் இருந்த ரொனால்ட் ரீட் என்பவர் 2014-இல் இறந்தபோது 80 லட்சம் டாலருக்கு மேல் விட்டுச் சென்ற கதை அதன் முன்னுரையிலேயே வருகிறது. நல்ல பங்குகளை வாங்கிப் பல பத்து ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தார். பெரும்பகுதி உள்ளூர் மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் போயிற்று. நடையும் அழகு, சொல்வதும் நல்லது. ஆனாலும் பிள்ளைகளே, அந்தக் கதைக்குப் பக்கத்தில் ஜப்பானின் கதையையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுப் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! ரீட் செய்த அதையே டோக்கியோவில் அந்த உச்சத்தில் ஆரம்பித்த ஒரு துப்புரவுத் தொழிலாளியும் செய்திருக்கலாம், அவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதிர்ஷ்டத்தின் பங்கை ஹவுசலும் மறைக்கவில்லை, தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். படிக்கிறவர்கள்தான் அதைப் புரட்டிவிட்டு ரீட்டிடம் ஓடிவிடுகிறார்கள்.

வீடு கட்டப் போகிறவர்கள், கடையை விரிவாக்கப் போகிறவர்கள் இருந்தால் 2023-இல் வந்த ‘ஹவ் பிக் திங்ஸ் கெட் டன்’ படியுங்கள். பெண்ட் ஃபிளிவ்பியர், டான் கார்ட்னர் இருவரும் எழுதியது. உலகெங்குமிருந்து திரட்டிய பதினாறாயிரம் திட்டங்களில் சொன்ன செலவுக்குள், சொன்ன நாளுக்குள் முடிந்தவை 8.5 சதவீதம். சொன்ன பலனும் கிடைத்தவை 0.5 சதவீதம். சிட்னி இசையரங்கம் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963-க்குள் முடியும் என்றார்கள். முடிந்தது 1973-இல், பத்துக் கோடியே 20 லட்சத்தில். வடிவமைத்த யோர்ன் உட்சன் நடுவிலேயே விலகிப் போனவர், கட்டி முடிந்த அரங்கை நேரில் பார்க்காமலே காலமானார். வீட்டைக் கட்டிப் பார் என்று நம்மவர்கள் சொன்னதற்கு இத்தனை பெரிய புள்ளிவிவரம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. வரைபடத்தில் தாராளமாக நேரம் எடுத்துக்கொள், மண்ணைத் தோண்டிய பிறகு வேகமாக முடி என்பது அவர்கள் சொல்லும் வழி. நம்மில் பலர் நல்ல நாள் பார்த்து வாஸ்து பூஜை போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் சமையலறை எந்தப் பக்கம் என்று பேச ஆரம்பிக்கிறோம்.

தலைமை பற்றி இரண்டு நூல்களைச் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். ஏமி எட்மண்ட்சன் 2023-இல் எழுதிய ‘ரைட் கைண்ட் ஆஃப் ராங்’ ஒன்று. இளம் ஆய்வாளராக அவர் மருத்துவமனைகளில் மருந்து மாறிப்போகும் தவறுகளை எண்ணிப் பார்த்தார். ஒற்றுமையாக, நன்றாக நடக்கும் பிரிவுகளில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை வெளியே சொல்லப் பயமில்லை. மற்ற பிரிவுகளில் தலைமைச் செவிலியருக்குப் பயந்து மூடி மறைத்தார்கள். ஜான் கேரிரூ 2018-இல் எழுதிய ‘பேட் பிளட்’ இன்னொன்று. விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தத்தில் எல்லாச் சோதனையும் செய்வதாகச் சொல்லி 900 கோடி டாலர் மதிப்புக்கு உயர்ந்த தெரனோஸ் நிறுவனம், அந்தக் கருவி சொன்னபடி வேலை செய்யாமலே எப்படி நோயாளிகள் வரை போனது என்ற கதை. இயக்குநர் குழுவில் முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர்களே இருந்தார்கள். கருவி பொய் சொல்கிறது என்று முதலில் வாய் திறந்தவர்களில் இருவர், கல்லூரி முடித்துவிட்டு அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022-இல் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உங்கள் கடையில் வேலை செய்யும் பையன், “அண்ணாச்சி, எடை போட்டதில் தப்பாகிவிட்டது” என்று உங்களிடம் வந்து சொல்வானா? இரண்டையும் படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.

மாணவர்களுக்கு கிறிஸ் மில்லரின் ‘சிப் வார்’, 2022-இல் வந்தது. ஐம்பதைத் தாண்டிய வயதில், அமெரிக்க நிறுவனத்தில் தலைமைப் பதவி கிடைக்காமல் போன மாரிஸ் சாங் தைவானுக்குப் போய் 1987-இல் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கிய பகுதிக்காகவே படிக்கலாம். பார்மி ஓல்சன் 2024-இல் செயற்கை நுண்ணறிவுப் போட்டி பற்றி எழுதிய ‘சுப்ரீமசி’யையும் கையோடு படித்துவிடுங்கள்.

புதுமைக்கு நான் வெளிநாடு போக மாட்டேன். மதுரை இருக்கிறது. பவித்ரா மேத்தாவும் சுசித்ரா ஷெனாயும் 2011-இல் எழுதிய ‘இன்ஃபினிட் விஷன்’ அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல், பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு லட்சம் கண் அறுவை செய்தவர் அவர். ஒரே அறையில் இரண்டு மேசை. ஒரு நோயாளிக்குச் சிகிச்சை முடிவதற்குள் அடுத்தவரைத் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் நுண்ணோக்கியை அந்தப் பக்கம் திருப்பினால் போதும். கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, மருத்துவரின் கை தேவைப்படாத வேலை எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை இங்கேயே செய்து விலையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இவற்றைப் பலரும் எழுதியாயிற்று. என்னை நிறுத்திய இடம் வேறு. முகாம் நடத்தி, அறுவை இலவசம் என்று சொல்லியும் ஆரம்ப காலத்தில் பலர் வரவில்லை. அறியாமை என்று விட்டுவிடாமல் ஊருக்குப் போய்க் கேட்டார்கள். பஸ் காசு யார் தருவது, சாப்பாடு எங்கே, துணைக்கு வருகிறவரின் கூலி போகுமே என்றார்கள். அதற்குப் பிறகுதான் முகாமிலிருந்தே பஸ்ஸில் கூட்டிப்போய், சோறு போட்டு, கண்ணைச் சரிசெய்து, ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. லென்ஸுக்குக் கிடைத்த புகழ் இந்தப் பஸ்ஸுக்குக் கிடைக்கவில்லை. பார்வை திரும்பியவர்களைக் கேட்டால் பஸ்ஸைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக, தமிழில் இருப்பதும் இல்லாததும். பங்குச் சந்தையைத் தமிழில் சாதாரண வாசகனிடம் கொண்டுவந்ததில் சோம. வள்ளியப்பனின் ‘அள்ள அள்ளப் பணம்’ வரிசைக்கும் ‘நாணயம் விகடன்’ இதழுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் நம் தொழில்களை உள்ளேயிருந்து, நஷ்டத்தையும் சேர்த்து எழுதிய நூல்கள் தமிழில் மிகக் குறைவு. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்ததால், திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எத்தனை முதலாளிகள் எதை விற்றுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்கு கட்டினார்கள், யார் ஊரை விட்டுப் போனார்கள், நொய்யல் கரையில் பயிர் வைத்தவர்கள் பட்டது என்ன என்று ஒரு முழு நூல் வந்திருந்தால் அது உலகத்தில் எந்த வணிகக் கல்லூரியிலும் பாடமாகும். சிவகாசி, கரூர், ஆம்பூர் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஆகவே முன் வரிசையில் இருக்கும் வணிகப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பேரேடும் சிட்டையும் கிடக்கும். எடைக்குப் போடாதீர்கள். எந்த வருஷம் கடை படுத்தது, யார் கைகொடுத்தார், எந்தக் கடனை அடைக்க எத்தனை வருஷமாயிற்று என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், இங்கே வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நூலகர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசகர் வட்டம் இதே கூடத்தில் கூடுகிறது. யார் முதலில் வருகிறீர்கள் என்று இப்போதே பெயர் கொடுத்துவிட்டால் நல்லது.